அழி, அழை, அனுப்பு

உபகாரிகளில் இரண்டு ரகம் உண்டு. கேட்ட பிறகு செய்பவர்கள் முதல் ரகம். வந்தார்கள், செய்தார்கள், போனார்கள். அவர்களை வைத்து அரைப் பக்கம்கூட எழுத முடியாது. இரண்டாம் ரகம், நாம் கேட்பதற்கு முன்பே செய்து முடித்துவிட்டு, எப்போது நன்றி சொல்லப்போகிறோம் என்று நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பவர்கள். இங்கே பிடித்து உட்காரவைத்துப் பார்க்கப்போவது இந்த இரண்டாம் ரகத்தை.

நீங்கள் பார்க்காதவர்கள் இல்லை. பேருந்து நிறுத்தத்தில் வெள்ளைக் கோலோடு ஒருவர் தன் பேருந்துக்காகச் சிவனே என்று நின்றுகொண்டிருப்பார். நம் ஆள் எங்கிருந்தோ பாய்ந்து வந்து, அவர் முழங்கையைப் பற்றி, வண்டிகளையெல்லாம் அதட்டி நிறுத்தி, சாலையைக் கடத்தி எதிர்ப்பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, அவர் வாய் திறப்பதற்குள் "பரவால்ல, பரவால்ல, இதெல்லாம் ஒரு உதவியா?" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விடுவார். வரவேண்டிய பேருந்து அதற்குள் இந்தப் பக்கம் வந்து, கிளம்பியும் இருக்கும். டீக்கடையில், கண் தெரியாதவரை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் நிற்பவரிடம் "இவருக்குச் சர்க்கரை போடலாமா?" என்று விசாரிப்பதும் இவரேதான். கண்தானே தெரியாது, காது கேட்குமே, ஏன் கத்திப் பேசுகிறீர்கள் என்று யாராவது கேட்டால் திருதிருவென்று விழிப்பார். அதையெல்லாம் யோசிக்க அவருக்கு நேரம் ஏது? செய்யவேண்டியது அவ்வளவு கிடக்கிறதே!

நாம் எடுத்துக்கொண்ட மாதிரிக்கு ஆபீஸில் 'சௌகரியம்' என்று பெயர். யாரைப் பார்த்தாலும் "என்ன, சௌகரியமா இருக்கா?" என்று கேட்பார், பதில் வருவதற்குள் அடுத்த மேசைக்குப் போயிருப்பார். கைபேசியில் செய்தி அனுப்பிக்கொள்வதற்கான செயலி ஒன்றைத் தயாரிக்கும் கம்பெனி அது. எந்தப் பொத்தான் எங்கே இருக்கவேண்டும், அதற்கு என்ன பெயர் வைக்கவேண்டும் என்று முடிவு செய்வது சௌகரியத்தின் வேலை. வீட்டில் மனைவி. அதே கட்டடத்தின் மேல்மாடியில் தனி வீட்டில் அக்கா. அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறார். டாக்டர் ஒரு மொழியும் நோயாளி இன்னொரு மொழியும் பேசுகிற இடத்தில் நடுவே உட்கார்ந்து, இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் சொல்லும் வேலை. டாக்டர் வளவளவென்று இழுத்தால், "இவ்வளவையும் சொல்லணுமா டாக்டர், இல்ல விஷயத்தை மட்டும் சொன்னாப் போதுமா?" என்று கேட்டுவிடுவார்.

அக்காவின் கைபேசியில் திரைவாசிப்பான் இருக்கிறது. திரையில் விரல் படுகிற இடத்தில் என்ன இருக்கிறதோ அதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் மென்பொருள். ஒருமுறை தொட்டால் பொத்தானின் பெயரைச் சொல்லும். இரண்டு முறை தட்டினால் அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். அக்கா அதை வைத்திருக்கும் வேகத்தில், மற்றவர் காதுக்கு வாணலியில் பட்டாணி பொரிகிற சத்தம்தான் கேட்கும். சௌகரியத்துக்கு இதில் ஆறாத மனக்குறை.

"அக்காவுக்கு என்னதான் புரியுதோ, பாவம்!" என்று மனைவியிடம் சொல்வார்.

"அவங்களுக்குப் புரியுது. உங்களுக்குத்தான் புரியல" என்பார் மனைவி.

இந்தப் பதில், மற்ற பதில்களைப் போலவே, அவர் அடுத்த அறைக்குப் போன பிறகுதான் வரும்.

அக்கா தம்பியிடம் அந்தச் செயலியைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசியிருக்கிறார். சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், "படம் அனுப்புற பட்டனுக்குப் பேரே வைக்கலையாடா? விரல் வெச்சா வெறும் 'பொத்தான், பொத்தான்'னுது. ஒரு பேர் வைங்கடா, புண்ணியமாப் போகும்" என்றார். அவ்வளவுதான் அவர் கேட்டது. ஆனால் நம் ரகத்தின் காதுகள் விசேஷமானவை. ஒரு பட்டனுக்குப் பெயர் இல்லை என்பது அந்தக் காது வழியாக உள்ளே போய், அக்கா இருட்டில் தவிக்கிறாள் என்று மனசுக்குள் போய்ச் சேர்ந்தது.

அப்படி இருக்கையில்தான் முதலாளி கூட்டம் கூட்டினார். திரைவாசிப்பான் வைத்திருப்பவர்களிடமிருந்து புகார் வருகிறது, அவர்களுக்குச் செயலியை எளிதாக்கவேண்டும், யார் பொறுப்பெடுத்துக்கொள்வது என்று அவர் கேட்டு முடிக்கவில்லை, சௌகரியம் எழுந்து நின்றுவிட்டார்.

"சார், எங்க வீட்லயே ஒருத்தங்க இருக்காங்க சார்."

அறையே பயபக்தியோடு அமைதியானது. அதற்குமேல் யார் வாய் திறப்பார்கள்? அன்றிலிருந்து 'எங்க அக்கா' என்பது சௌகரியத்தின் முத்திரை மோதிரம். இந்தப் பொத்தான் ஏன் இங்கே வந்தது? எங்க அக்கா. இந்தச் சத்தம் எதற்கு? எங்க அக்கா. அவரோடு வேலை செய்த புரோகிராமர் பெண் மட்டும் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சார், உங்க அக்காகிட்டயே ஒரு தடவை குடுத்துப் பார்க்கச் சொல்லலாமா?"

"ஐயையோ! இது அவளுக்கு சர்ப்ரைஸ்மா! கெடுத்துடாதே!"

அக்காவிடம் கேட்கவில்லை, சரி, அப்படியானால் எப்படித்தான் தெரிந்துகொண்டார் என்கிறீர்களா? கழுத்தில் கிடந்த டையைக் கழற்றிக் கண்ணைக் கட்டிக்கொண்டார். ஆபீஸ் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தார். நாற்காலிக் காலில் முட்டி இடித்தது. அந்த நொடியில் அவருக்கு ஞானம் பிறந்துவிட்டது. டையை அவிழ்த்தபோது கண் கலங்கியிருந்தது. முட்டி வலியினாலா, மனித நேயத்தினாலா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் ஆபீஸ் முழுக்கக் கண்ணைக் கட்டிக்கொண்டது. ஆளுக்கொரு துணியோடு எல்லாரும் வரிசையாக நின்று, கேமரா இருக்கும் திசையைத் தவிர மற்ற எல்லாத் திசைகளையும் பார்த்துச் சிரிக்கும் படம் இன்னும் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது.

சௌகரியம் கண்டுபிடித்த உண்மை இது: கண்ணை மூடினால் ஒரே தனிமை. ஆகவே செயலி பேச்சுத் துணையாக இருக்கவேண்டும். ஓயாமல் பேசவேண்டும். திறந்தவுடன் "வணக்கம், நீங்கள் தனியாக இல்லை" என்று சொல்லவேண்டும். எதிரில் இருப்பவர் எழுதத் தொடங்கினால் "எழுதுகிறார்" என்று அறிவிக்கவேண்டும், கையை எடுத்தால் "நிறுத்திவிட்டார்" என்று அறிவிக்கவேண்டும், மறுபடி கை வைத்தால் மறுபடி "எழுதுகிறார்". யாராவது ஒரு சிரிக்கும் பொம்மை முகத்தை அனுப்பினால் அது வாய் திறந்து சிரிக்கிறதா, வாய் மூடிச் சிரிக்கிறதா, கண்ணீர் இடது ஓரத்திலா வலது ஓரத்திலா என்று விவரிக்கவேண்டும். அதே பொம்மையை ஒருவர் வரிசையாகப் பத்து போட்டால் பத்தையும் விவரிக்கவேண்டும், ஏனென்றால் பார்வை உள்ளவருக்குக் கிடைக்கிற ஒரு சிரிப்புகூடப் பார்வை இல்லாதவருக்குக் கிடைக்காமல் போகக்கூடாது. அனுப்பும் பொத்தான் மேல் விரல் வைத்தால், "இது அனுப்புவதற்கான பொத்தான், பயப்படாமல் இரண்டு முறை தட்டுங்கள், உங்கள் அன்பு உரியவரைச் சென்றடையும்" என்றது. பயப்படாமல் தட்டவேண்டுமாம்! நோயாளியிடம் டாக்டர் சொல்லத் தயங்கியதையெல்லாம் சொல்லிவிட்டு வருகிற பெண்மணிக்கு இந்தத் தைரியம் ஊட்டல்.

முதலாளி காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "கொஞ்சம் வளவளன்னு இருக்கே. பட்டன் பேரையாவது சுருக்குங்களேன்" என்றார்.

இங்கேதான் சௌகரியம் தன் திறமையின் உச்சிக்குப் போனார். முன்பு உரையாடலின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் 'நீக்கு', 'அழைப்பு', 'அனுப்பு' என்று பொத்தான்கள் ஆளுக்கொரு மூலையில் வரும். சௌகரியம் நீக்கு என்பதை 'அழி' ஆக்கினார். அழைப்பு என்பதை 'அழை' ஆக்கினார். தேடச் சிரமமாக இருக்கக்கூடாதே என்று எல்லாவற்றையும் அகர வரிசையில் அடுக்கினார். அழி, அழை, அனுப்பு. அகராதி தோற்றுவிடும்.

"சார், நீக்கு, அழைப்புன்னே இருந்துட்டுப் போகட்டுமே. ரெண்டும் கேக்கறதுக்கு ஒண்ணு மாதிரி இருக்கு" என்றாள் புரோகிராமர்.

"நல்ல தமிழ்மா. ரெண்டே எழுத்து. பார்க்கவும் எவ்வளவு அழகா இருக்கு பாரு!"

பார்க்க அழகாகத்தான் இருந்தது. பக்கத்தில் குப்பைத்தொட்டிப் படமும் தொலைபேசிப் படமும் வேறு. கண் இருப்பவருக்குக் குழப்பமே இல்லை. ஆனால், பள்ளிக்கூடத்தில் ஐகாரக் குறுக்கம் என்று ஒன்று படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? சொல்லின் கடைசியில் வரும் ஐ தன் அளவில் குறுகி ஒலிக்கும் என்று மனப்பாடம் செய்து, எழுதி, மதிப்பெண் வாங்கி, அன்றே மறந்தோமே? அது நம்மை மறக்கவில்லை. பட்டாணி பொரிகிற வேகத்தில் 'அழை'யின் வால் நறுக்கென்று அறுந்து, 'அழி'யோடு ஒட்டிப் பிறந்த சகோதரி ஆகிவிட்டது. போதாக்குறைக்கு, எந்தப் பொத்தானைத் தட்டினாலும் "நிச்சயமாகவா?" என்று ஒரே கேள்வி. அழிக்கும்போதும் நிச்சயமாகவா, அழைக்கும்போதும் நிச்சயமாகவா. எல்லாம் ஒரே சீராக இருந்தால்தானே பழக எளிது?

புதிய செயலி எல்லார் கைபேசியிலும் தானாகவே போய் இறங்கியது. பாராட்டு விழா மட்டும் வார இறுதியில். அக்காதான் சிறப்பு விருந்தினர். "ஆபீஸ்ல ஒரு ஃபங்ஷன், நீ கண்டிப்பா வரணும்" என்று மட்டும் சொல்லியிருந்தார். அக்கா, "ஃபங்ஷனுக்கெல்லாம் எனக்கு நேரம் இல்லடா" என்று தட்டிக்கழித்துவிட்டார்.

நேரம் இல்லைதான். அக்காவின் பிழைப்பே அந்த வாரம் ஆட்டம் கண்டிருந்தது. மொழிபெயர்ப்பாளர்களுக்கான குழு ஒன்று உண்டு. இன்ன மருத்துவமனையில் இன்ன நேரத்துக்கு ஆள் தேவை என்று அதில் செய்தி வரும். முதலில் "நான்" என்று பதில் போடுகிறவருக்கு வேலை. இத்தனை வருஷமாக அக்காவின் "நான்"தான் முந்தி நிற்கும். இப்போது செய்தி வந்தவுடன் கைபேசி, "ஒருவர் எழுதுகிறார், இருவர் எழுதுகிறார்கள், ஒருவர் நிறுத்திவிட்டார், மூவர் எழுதுகிறார்கள்" என்று ஓட்டப் பந்தய வர்ணனை கொடுத்தது. வர்ணனை முடிந்து செய்தியைப் படிப்பதற்குள் பந்தயம் முடிந்திருக்கும். வேலை கிடைத்தவருக்கு மற்றவர்கள் போட்ட கைதட்டும் பொம்மைகளை ஒவ்வொன்றாக விவரிக்கும். அந்த வாரம் முழுக்க அக்கா வீட்டிலேயே இருந்தார்.

அந்த நிலையில்தான், விழா நடக்கவிருந்த அன்று காலை, பெரிய மருத்துவமனை ஒன்றின் மொழிப் பிரிவு அதிகாரியிடமிருந்து செய்தி வந்தது. நிரந்தர வேலை ஒன்று காலியாக இருக்கிறது, உங்கள் பெயரைப் பலரும் சொன்னார்கள், இது என் சொந்த எண், இன்று மாலைக்குள் கூப்பிட்டுப் பேசுங்கள், இல்லையென்றால் அடுத்தவரைக் கேட்கவேண்டியிருக்கும். நிரந்தர வேலை என்றால் என்ன என்று, ஒவ்வொரு நாளும் "நான், நான்" என்று முந்திக்கொண்டு கையைத் தூக்க வேண்டியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். அக்கா அந்த உரையாடலின் மேல் விரலை அழுத்திப் பிடித்தார். "அழ" என்று கைபேசி தொடங்கியது. "எழுதுகிறார்" என்று நடுவில் புகுந்தது. அக்கா இரண்டு முறை தட்டினார். "நிச்சயமாகவா?" என்றது. ஆம் என்று தட்டினார்.

மணி அடிக்கவில்லை. உரையாடலும் இல்லை, எண்ணும் இல்லை.

மருத்துவமனைக்குக் கூப்பிட்டார். நெடுநேரம் பாட்டுப் போட்டுக் காக்கவைத்தார்கள். அதிகாரி வெளி வேலையாகப் போயிருக்கிறார், நாளைக்குத்தான் வருவார், சொந்த எண்ணைத் தரக்கூடாது என்றார்கள். செயலியின் உதவிப் பிரிவுக்கு எழுதினார். 'அழித்த உரையாடலை மீட்க இயலாது, உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று பதில் வந்தது. கூடவே ஓர் இதயம். சிவப்பு நிறம், லேசாகத் துடிக்கிறது என்று கைபேசி விவரித்தது.

கீழ்வீட்டுக் கதவை அக்கா தட்டிய தட்டில், சௌகரியம் வாயில் பல் துலக்கும் பிரஷோடு ஓடிவந்தார்.

"உங்க ஆபீஸ்ல எந்தப் புத்திசாலிடா இந்த வேலையைப் பண்ணினது?"

"என்னக்கா ஆச்சு?"

அக்கா நடந்ததைச் சொன்னார். "கூப்பிடப் போனேன். நிச்சயமாகவான்னு கேட்டுச்சு. போன் பண்றதுக்கு என்னடா நிச்சயம், கல்யாணமான்னு நினைச்சுக்கிட்டே ஆமான்னேன். மொத்தமும் போச்சு. அந்தம்மா நம்பரும் போச்சு. சாயங்காலத்துக்குள்ள கூப்பிடலைன்னா வேலையும் போச்சு."

இந்த இடத்தில், "அக்கா, அது நான்தான்" என்று சொல்லியிருக்கலாம். வாயில் நுரை இருந்ததும் ஒரு வசதியாகப் போயிற்று. துப்பிவிட்டு வந்து, "நான் விசாரிக்கிறேன்க்கா" என்றார்.

"விசாரிச்சாச்சு. திரும்ப எடுக்க முடியாதாம்."

"ஆமாக்கா, சிஸ்டம் அப்படி. அழிச்சா அழிச்சதுதான். ஆனா 'அழி'ங்கறது நல்ல தமிழ்க்கா. ரெண்டே எழுத்து. பார்க்கறதுக்கும்…" என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்தினார்.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தார்.

"ரெண்டே எழுத்தா?" என்றார் அக்கா. குரல் பாலும் தேனுமாக இருந்தது. "சாயங்காலம் ஏதோ ஃபங்ஷன்னு சொன்னியே. நான் வரேன்டா."

சௌகரியத்துக்குத் தலைகால் புரியவில்லை. காரில் போகும்போது அக்கா அன்பாக ஒவ்வொன்றாகக் கேட்டார். தம்பியும் ஒவ்வொன்றாகச் சொன்னார். கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தது, முட்டியில் இடித்துக்கொண்டது, முதலாளி ஆபீஸ் குழுவில் தினமும் போடும் சிந்தனைத் துளிகள், அந்தக் குழுவுக்குச் சௌகரியம்தான் அட்மின் என்பது, அவர் குழு அழைப்பு விடுத்தால் ஆபீஸில் இருக்கிற அத்தனை போனும் ஒரே நேரத்தில் மணி அடிக்கும் என்பது வரை எல்லாம் வந்துவிட்டது. பின் சீட்டில் இருந்த மனைவி, நாத்தனாரின் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேடையில் ஆளுயரப் பலகை. இருளில் ஒரு விளக்கு என்று அதில் எழுதி, கீழே ஒரு விளக்குப் படமும் போட்டிருந்தார்கள். யாருக்காக எழுதினார்களோ அவர்கள் அதைப் படிக்க முடியாது என்பது யாருக்கும் தோன்றவில்லை. சௌகரியம் பேசினார். முட்டியில் அடிபட்ட கட்டத்தில் குரல் தழுதழுத்தது. அடுத்து அக்காவைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் ஓடிவந்து ஆளுக்கொரு கையைப் பிடித்தார்கள்.

"கையை விடுங்கப்பா. படி எத்தனைன்னு சொன்னாப் போதும்" என்று ஏறிவந்து மைக்கைப் பிடித்தார் அக்கா. "பாராட்டுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு சின்ன ஆசை. என் தம்பி கண்ணைக் கட்டிக்கிட்டுதான் இதெல்லாம் கண்டுபிடிச்சானாம். அதே மாதிரி இங்கயும் கட்டிக்கிட்டு, உங்க ஆபீஸ் குழுவுக்கு ஒரு கால் போட்டுக் காட்டட்டும். எல்லார் போனும் சேர்ந்து அடிக்கட்டும், நானும் கேக்கறேன்."

கூடம் கைதட்டலில் அதிர்ந்தது. சௌகரியம் முகம் மலர்ந்து டையைக் கழற்றிக் கண்ணில் கட்டிக்கொண்டார். கைபேசியை ஒலிபெருக்கியில் இணைத்தார்கள்.

"தம்பி, ஒரு நிமிஷம்" என்றார் அக்கா. "உன் வேகத்துல வேண்டாம்டா. நான் வெச்சுக்கற வேகத்துல வை. எங்களுக்காகத்தானே பண்ணியிருக்கே?"

இத்தனை பேர் முன்னால் எப்படி மாட்டேன் என்பது? வைத்தார். பெரிய ஒலிபெருக்கியில் பட்டாணி பொரிந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் உற்சாகத்தில் குழுவில் வாழ்த்து எழுதத் தொடங்க, "எழுதுகிறார் எழுதுகிறார்கள் நிறுத்திவிட்டார்" என்று கூடம் முழுக்கச் சிதறியது. நடுவே "அழ" என்று ஏதோ கேட்டது. சௌகரியம் கம்பீரமாக இரண்டு முறை தட்டினார். நிச்சயமாகவா? ஆம் என்று, பியானோ வாசிப்பவர் போலக் கையை உயரத் தூக்கித் தட்டினார்.

எல்லாரும் அவரவர் போனைக் கையில் ஏந்திக்கொண்டு காத்திருந்தார்கள். ஒரு போனும் அடிக்கவில்லை.

"என்ன, எல்லாருக்கும் சௌகரியமா கேக்குதா?" என்றார் கண்கட்டோடு சிரித்தபடி நின்ற சௌகரியம்.

முன்வரிசையில் முதலாளி எழுந்து நின்றார். அவர் போனில் 'நிர்வாகியால் குழு அழிக்கப்பட்டது' என்று ஒரு வரி நின்றது.

"என் சிந்தனைத் துளிகள்!" என்று அலறினார். "அத்தனை வருஷத்துத் துளிகள்யா! அது புத்தகமா வரப்போகுது! வேற எங்கயும் எழுதி வைக்கலையே!"

ஊரார் உரையாடல் போனால் சிஸ்டம் அப்படி, பொறுமைக்கு நன்றி. முதலாளி உரையாடல் போனால்? ஆபீஸில் இருக்கிற அத்தனை மூளையும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டது. புரோகிராமரை மேடைக்கே கூப்பிட்டார்கள்.

"திரும்ப எடுக்க முடியுமாம்மா?" என்றார் முதலாளி.

"முடியும் சார். சர்வர்ல கொஞ்ச நாள் இருக்கும். திரும்ப எடுக்கறதுக்கு ஒரு பட்டனே வெச்சிருந்தேன். அழகா இல்லைன்னு எடுத்துட்டாங்க." அவள் யார் பக்கமும் பார்க்கவில்லை. "இப்ப எடுத்தா இந்தக் குழு மட்டும் தனியா வராது சார். இந்த வாரம் அழிஞ்சது அத்தனையும் எல்லாருக்கும் வந்துடும்."

"வரட்டும்மா! யாருக்கு வேணா வரட்டும்!"

அவள் மடிக்கணினியைத் திறந்து தட்டினாள். மீண்டு வருகிற உரையாடல்களின் கணக்கு பெரிய திரையில் ஓடத் தொடங்கியது. நூறைத் தாண்டியது, ஆயிரத்தைத் தாண்டியது, நிற்கவில்லை. முதலில் சிரித்துக்கொண்டிருந்த கூடம் மெல்ல மெல்ல அடங்கியது. "பாதிக்கு மேல ஸ்கிரீன் ரீடர் வெச்சிருக்கறவங்களோடது" என்றாள் அவள் தாழ்ந்த குரலில். அத்தனை பேரும் யாரையோ கூப்பிட நினைத்தவர்கள். டாக்டரை, மகளை, வீட்டுக்காரரை, கடனைக் கட்டக் கொஞ்சம் அவகாசம் கேட்கவேண்டியவரை. எத்தனை பேருக்குக் கெடு முடிந்துபோயிருந்ததோ!

அக்காவின் கைப்பைக்குள்ளிருந்து பட்டாணி பொரிந்தது. அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு மைக்கில், "எல்லாரும் கொஞ்சம் அமைதியா இருங்க. ஒரு முக்கியமான கால் பேசணும்" என்றார். புரோகிராமர் பக்கம் போனை நீட்டி, "அம்மாடி, இதுல அழைங்கறது எது? நீயே தட்டிடு. எனக்கு உங்க தமிழ் மேல நம்பிக்கை இல்ல" என்றார்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார்கள்.

"வணக்கம் மேடம்… ஆமா, காலையிலேயே கூப்பிட்டிருக்கணும்… இல்ல மேடம், மறக்கல, நடுவுல ஒருத்தர் உதவி பண்ணிட்டார்… திங்கக்கிழமையா? தாராளமா வரேன்."

அன்று விழுந்த கைதட்டலை, கண்கட்டை அவிழ்க்க மறந்து நின்றிருந்த சௌகரியம் தனக்கு என்றே எடுத்துக்கொண்டு கைகூப்பினார்.

மறுநாளே புரோகிராமர் அக்காவைத் தேடி மேல்மாடிக்குப் போனாள். வேறு ஒன்றும் செய்யவில்லை, கேட்டாள். அக்காவும் சுருக்கமாகத்தான் சொன்னார். "அழி வேண்டாம், பழையபடி நீக்குன்னே வை. எழுதுறாங்கன்னு சொல்லாதே, எழுதி முடிச்சதைச் சொல்லு. நான் தனியா இல்லைன்னு எனக்கே தெரியும், அதையும் எடுத்துடு." எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். அக்கா திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தார். படம் அனுப்பும் பொத்தான்? அதற்கு என்ன பெயர் வைப்பது என்று சௌகரியத்தின் தலைமையில் ஒரு குழு ஆராய்ந்துகொண்டிருக்கிறது; அதுவரை அது 'பொத்தான், பொத்தான்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

சௌகரியம் திருந்தினாரா என்றுதானே கேட்கிறீர்கள்? மேடையில் நடந்தது திட்டமிட்ட செயல்விளக்கம் என்று இப்போது எல்லாரிடமும் சொல்லிவருகிறார். ஒன்று மட்டும் புரிந்துகொண்டுவிட்டார்: பார்வை இல்லாதவர்களுக்கு உதவி செய்தால் நன்றி கிடைக்காது. ஆகவே காது கேளாதவர்களுக்காக ஒரு புதிய திட்டம் தொடங்கியிருக்கிறார். இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொண்டு ஆபீஸில் உலவுகிறார். புரோகிராமர் ஏதோ கேட்கிறாள், அவருக்குக் கேட்கவில்லை. முன்பு மட்டும் கேட்டதா என்ன?

நல்லவேளை, நமக்கு இந்த வியாதி இல்லை என்று நீங்கள் பெருமூச்சு விடுவது தெரிகிறது. இருக்கலாம். ஒரே ஒரு சந்தேகம். சற்று முன்னால் அழி, அழை என்ற அந்த இரண்டு சொற்கள் வந்த இடத்தில், எப்படித்தான் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு வேகமாகச் சொல்லிப் பார்த்தீர்கள், இல்லையா? அரை நிமிஷம் இருக்குமா? அட, பாவம், எவ்வளவு கஷ்டம் என்று எல்லாம் புரிந்துவிட்டது போல இருந்தது, இல்லையா? யாரிடமும் சொல்லவேண்டாம். கண்ணைத் திறந்து பாருங்கள். பக்கத்தில் சௌகரியம் நிற்கிறார். கையில் உங்களுக்கென்றே இன்னொரு டை.